எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டிய வரி எது?

கேள்வி: எனக்கு வயது 46. ஒரு வருடமாகவே சாப்பிட்ட பிறகு நெஞ்செரிச்சல், மேல்வயிற்றில் வலி, ஏப்பம். எண்டோஸ்கோப்பி செய்தார்கள். ரிப்போர்ட்டில் ‘ஜி.இ. ஜங்ஷன் 38 செ.மீ., ஹயாட்டஸ் 40 செ.மீ., ஸ்மால் ஹயாட்டஸ் ஹெர்னியா, ஈசோபேஜைட்டிஸ், எல்.ஏ. கிரேடு ஏ, ஆன்ட்ரல் எரோசிவ் கேஸ்ட்ரைட்டிஸ், டி1, டி2 நார்மல், ஆர்.யூ.டி. பாசிட்டிவ்’ என்று இருக்கிறது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘குரோனிக் ஆக்டிவ் கேஸ்ட்ரைட்டிஸ், ஃபோகல் இன்டஸ்டினல் மெட்டாபிளேசியா, நோ டிஸ்பிளேசியா, நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்சி’ என்று போட்டிருக்கிறார்கள். ‘அல்சர் மாதிரிதான், பயப்படாதீங்க’ என்று சொல்லி டாக்டர் 14 நாளைக்கு மாத்திரை கொடுத்தார். வாயெல்லாம் கசப்பு, குமட்டல். வலி குறைந்துவிட்டதால் 6 நாளோடு நிறுத்திவிட்டேன். ஆனால் மெட்டாபிளேசியா என்பதை இணையத்தில் தேடிப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. குரோனிக் என்றால் முற்றிவிட்டதா? ஹெர்னியாவுக்கு ஆபரேஷன் வேண்டுமா? எனக்குப் புற்றுநோயா? ஸ்கேனில் கிரேடு 1 ஃபேட்டி லிவர் வேறு இருக்கிறதாம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பெரிய பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு ரிப்போர்ட்டிலும் புற்றுநோய் இல்லை. கேமரா வழியாகப் பார்த்தபோது கட்டி எதுவும் தெரியவில்லை. பயாப்ஸிக்காக இரைப்பையிலிருந்து எடுத்த துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் ‘நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்சி’ என்று எழுதியிருக்கிறார். மாலிக்னன்சி என்பது புற்று. நெகட்டிவ் என்றால் அது காணப்படவில்லை. புற்றுக்கு முந்தைய படியான டிஸ்பிளேசியாவும் இல்லை என்று தனியாகவே குறித்திருக்கிறார். இன்று இரவு தூங்குங்கள்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட வரிக்கு வருகிறேன். ‘ஆர்.யூ.டி. பாசிட்டிவ்’ என்று ஒரு மூலையில் இருக்கிறதே, இந்த ரிப்போர்ட்டில் கையோடு சரிசெய்ய வேண்டியது அதுதான். ஆர்.யூ.டி. என்பது ரேபிட் யூரியேஸ் டெஸ்ட், இரைப்பையில் ஒரு கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. நீங்கள் பாதியில் நிறுத்திய மாத்திரைகள் பெரும்பாலும் அதற்காகக் கொடுத்தவையாகத்தான் இருக்கும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த நிறுத்தல்தான். அதை விரிவாகச் சொல்வதற்கு முன், மற்ற வார்த்தைகளின் பயத்தைக் கொஞ்சம் போக்கிவிடலாம்.

இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளை ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்காகச் சுருக்கமாக எழுதுகிறார். கண்ணில் பட்டதையெல்லாம், சாதாரணமானதையும் சேர்த்து, வரிசையாகக் குறித்துக்கொண்டே போவார். எது முக்கியம், எது சும்மா பதிவுக்காக என்பது அதில் தெரியாது. நோயாளி வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகத் தேடும்போது எல்லாமே ஒரே அளவு பயங்கரமாகத் தெரிகிறது. இதை விளக்கிச் சொல்ல வேண்டிய பொறுப்பு எங்களுக்குத்தான் இருக்கிறது. ‘பயப்படாதீங்க’ என்ற ஒரு சொல் அதற்குப் போதாது.

குழாய் போகும் வழியிலேயே நாமும் போவோம். வாயிலிருந்து உணவுக்குழாய், அப்புறம் இரைப்பை, அதன்பின் முன்சிறுகுடல். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தைத்தான் ஜி.இ. ஜங்ஷன் என்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் உள்ள 38 செ.மீ. என்பது முன்பற்களிலிருந்து அந்த இடம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற அளவு. அதைக் கட்டியின் அளவு என்று நினைத்துப் பதறி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையில், உணவுக்குழாய் நுழைந்து போவதற்காக இருக்கும் துவாரம்தான் ஹயாட்டஸ். உங்களுக்கு அது 40 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. அதாவது, இரைப்பையின் மேல்நுனி ஒரு 2 செ.மீ. அளவுக்கு அந்தத் துவாரத்தின் வழியே மேலே ஏறி நிற்கிறது. ‘ஸ்மால் ஹயாட்டஸ் ஹெர்னியா’ என்பது இவ்வளவுதான். தொப்புளிலும் தொடை இடுக்கிலும் புடைத்துக்கொண்டு வருகிற ஹெர்னியாவோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம். பலருக்கும் இது இருக்கிறது; இருப்பதே தெரியாமல் காலம் தள்ளுகிறார்கள். அமிலம் மேலே ஏறிவருவதற்கு இது கொஞ்சம் இடம் கொடுக்கும், அதனால் நெஞ்செரிச்சல் வரலாம். இந்த அளவுக்கு ஆபரேஷன் தேவையில்லை.

ஒரு வார்த்தை ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அந்த உறுப்பில் அழற்சி என்று பொருள். ஈசோபேஜைட்டிஸ் என்றால் உணவுக்குழாயில், கேஸ்ட்ரைட்டிஸ் என்றால் இரைப்பையில், ஹெபடைட்டிஸ் என்றால் கல்லீரலில், பேன்கிரியாட்டைட்டிஸ் என்றால் கணையத்தில், கொலைட்டிஸ் என்றால் பெருங்குடலில். அழற்சி என்றாலே கிருமிதான் என்று நினைக்க வேண்டாம். அமிலம், மது, வலி மாத்திரை, சில மருந்துகள், சில சமயம் நம் சொந்த எதிர்ப்பு சக்தியே கூடக் காரணமாகும். உங்கள் உணவுக்குழாய் அழற்சிக்குக் காரணம் மேலேறும் அமிலம். எல்.ஏ. என்பது லாஸ் ஏஞ்சலிஸ் என்ற வகைப்பாட்டின் சுருக்கம். அதில் ஏ முதல் டி வரை நான்கு படிகள். ஏ என்றால் உட்படலத்தில் உள்ள கீறல் எதுவும் 5 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. இருப்பதிலேயே லேசானது அதுதான்.

வார்த்தையின் வாலைக் கவனிக்கச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இப்போது தேவைப்படாது, ஆனால் வீட்டில் யாருக்காவது உதவும். ‘ஸ்கோப்பி’ என்று முடிந்தால் உள்ளே பார்ப்பது, ‘எக்டமி’ என்று முடிந்தால் அகற்றுவது, ‘ஆஸ்டமி’ என்று முடிந்தால் வெளியே ஒரு வழி வைப்பது. கொலனோஸ்கோப்பிக்கு எழுதிக் கொடுத்தால், கொலாஸ்டமி என்று நினைத்துக்கொண்டு வயிற்றில் பை மாட்டிவிடுவார்கள் என்று பயந்து வராமலே போகிறவர்கள் உண்டு. பெருங்குடலுக்குள் பார்த்துவிட்டு வருவதற்கும் அந்தப் பைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆன்ட்ரம் என்பது இரைப்பையின் கீழ்ப்பகுதி. ‘எரோஷன்’ என்றால் அங்கே மேலோட்டமான சிராய்ப்பு. அதுவே ஆழமாகக் குழிந்து உட்படலத்தைத் தாண்டிப் போனால்தான் அல்சர். உங்கள் டாக்டர் ‘அல்சர் மாதிரி’ என்றது புரிவதற்காகச் சொன்னது. ரிப்போர்ட்டின்படி உங்களுக்கு அல்சர் இல்லை. தலைவலி, மூட்டு வலி என்று அடிக்கடி வலி மாத்திரை போடும் பழக்கம் உண்டா? நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் அடுத்த முறை மறக்காமல் சொல்லுங்கள், இந்தச் சிராய்ப்பில் அதற்கும் பங்கு இருக்கலாம். டி1, டி2 என்பவை முன்சிறுகுடலின் முதல் இரண்டு பகுதிகள். அவை நன்றாகவே இருக்கின்றன.

குரோனிக் என்றால் முற்றியதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. குரோனிக், அக்யூட் என்ற சொற்கள் காலத்தைச் சொல்பவை, கடுமையைச் சொல்பவை அல்ல. அக்யூட் அப்பென்டிசைட்டிஸ் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகலாம். குரோனிக் கேஸ்ட்ரைட்டிஸோடு பல்லாண்டுகள் பெரிய தொந்தரவே இல்லாமல் வாழலாம். பயாப்ஸி ரிப்போர்ட்டில் இந்தச் சொற்களுக்கு இன்னும் குறிப்பான பொருள் உண்டு. நாள்பட்ட அழற்சியில் சேரும் ஒருவகை வெள்ளணுக்கள் தெரிந்தால் ‘குரோனிக்’ என்பார்கள். நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகையும் தெரிந்தால் ‘ஆக்டிவ்’ என்று சேர்ப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், உள்ளே ஏதோ ஒன்று நீண்ட நாளாகத் தங்கியிருக்கிறது, இன்னமும் போகவில்லை என்று அர்த்தம். அந்த ஏதோ ஒன்றைத்தான் ஆர்.யூ.டி. காட்டிக்கொடுத்திருக்கிறது.

அந்தப் பரிசோதனை எளிமையானது. இரைப்பையிலிருந்து கிள்ளியெடுத்த சின்னத் துணுக்கை, யூரியா கலந்த மஞ்சள் நிறக் கூழில் போடுவார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி துணுக்கில் இருந்தால், அது சுரக்கும் யூரியேஸ் என்சைம் அந்த யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். காரத்தன்மை ஏறி, மஞ்சள் இளஞ்சிவப்பாக மாறும். சிலருக்குச் சில நிமிடங்களிலேயே நிறம் மாறிவிடும், சிலருக்குச் சில மணி நேரம் ஆகும். இரைப்பையின் அமிலத்தில் இந்தக் கிருமி உயிர் தப்புவதும் இதே தந்திரத்தால்தான். தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தை மட்டுப்படுத்திக்கொள்கிறது.

அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழ முடியாது என்றுதான் முன்பு மருத்துவ உலகம் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தக் கிருமியை அடையாளம் கண்டு சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அல்சருக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று சொல்லிச் சொல்லியே நோயாளிகளைக் குற்றவாளியாக்கிய காலத்தை முடித்துவைத்த கண்டுபிடிப்பு என்பதால், எனக்கு இவர்கள் மேல் தனி மரியாதை.

சரி, இப்போது மெட்டாபிளேசியா. தொடர்ந்து உரசல் படும் உள்ளங்கையில் தோல் காய்த்துப்போவதுபோல, நாள்பட்ட அழற்சியைத் தாங்கித் தாங்கி, இரைப்பையின் உட்படல செல்கள் சில இடங்களில் குடல் செல்களைப் போல மாறிவிடுகின்றன. அதுதான் இன்டஸ்டினல் மெட்டாபிளேசியா. ஃபோகல் என்றால் அங்கங்கே சிறு திட்டாக மட்டும் என்று பொருள். இணையத்தில் நீங்கள் படித்தது முழுப் பொய் அல்ல. நாள்பட்ட அழற்சி, செல்கள் தேய்தல், மெட்டாபிளேசியா, டிஸ்பிளேசியா, அப்புறம் புற்று என்று ஒரு படிவரிசை உண்டு. ஆனால் மெட்டாபிளேசியா உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் அடுத்த படிக்குப் போவதே இல்லை. போகிறவர்களுக்கும் அது பல ஆண்டுகளில் நடப்பது. அந்த வரிசை முழுவதையும் தள்ளிக்கொண்டு போவது பெரும்பாலும் இந்தப் பைலோரி கிருமிதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இதைப் புற்று உண்டாக்கும் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. கிருமி உள்ள எல்லோருக்கும் புற்று வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் கிருமியை ஒழித்தால் ஆபத்து குறைகிறது. மெட்டாபிளேசியா என்ற சொல்லைக் கண்டு தூக்கம் கெட்ட நீங்கள், அதற்கான மருந்தையே நிறுத்திவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த மாத்திரைகள் உண்மையிலேயே படுத்தும். கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் போன்றவை வாயில் உலோகக் கசப்பைக் கொடுக்கும். வலி குறைந்தது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையாலும் இருக்கலாம். கிருமி செத்துவிட்டதாக ஆகாது. அரைகுறையாக அடிபட்ட கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடுவதும் உண்டு. ஆகவே மீதி 8 நாள் மாத்திரையை இப்போது எடுத்துப் போட ஆரம்பிக்காதீர்கள். டாக்டரிடம் போய் நிறுத்தியதையும் ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் வேறு கூட்டு மருந்து தரக்கூடும். குமட்டலைக் குறைக்க வழி இருக்கிறது. இந்த முறை முழுசாக முடித்துவிடுங்கள்.

முடித்ததோடு விட்டுவிடக் கூடாது, கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். கடைசி ஆன்டிபயாட்டிக் போட்டுக் குறைந்தது 4 வாரம் கழித்து, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் டாக்டர் சொல்படி 2 வாரம் நிறுத்திவிட்டு, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்வார்கள். இதற்கு ரத்தப் பரிசோதனை உதவாது. கிருமி போன பிறகும் அதற்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் வெகுகாலம் இருக்கும். அப்படியே அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: மெட்டாபிளேசியா ஆன்ட்ரத்தில் மட்டும்தானா, மேல்பகுதியிலும் இருக்கிறதா? பரவலாக இருந்தாலோ, பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இரைப்பைப் புற்று வந்திருந்தாலோ, 3 ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பது நல்லது. சிறு திட்டு மட்டும், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றால் அநேகமாகத் தேவைப்படாது.

ஃபேட்டி லிவர் கிரேடு 1 என்பது ஸ்கேனில் கல்லீரல் கொஞ்சம் வெளிச்சமாகத் தெரிகிறது என்பதன் குறிப்பு, கல்லீரல் கெட்டுப்போன அளவு அல்ல. சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் என்சைம் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உடல் எடை கூடுதலாக இருந்தால் 7 முதல் 10 சதவீதம் வரை குறைப்பது நல்ல பலன் தரும்.

புது மருந்தில் பிஸ்மத் இருந்தால் நாக்கும் மலமும் கறுத்துப்போகும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் மலம் கறுக்கும். அதற்குப் பதற வேண்டாம். ஆனால் தார்போலப் பிசுபிசுவென்று, துர்நாற்றத்தோடு கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விழுங்கும்போது சாப்பாடு அடைத்தால், வாந்தி நிற்காமல் வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ரத்தசோகை என்று யாராவது சொன்னால், அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.