மகன் அறைச் சுவரில் ஒரு படம்

அன்புள்ள டாக்டருக்கு,

பதினைந்து வருடமாக ஓக்லாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகனுக்கு 17 வயது. இரண்டு மாதமாக அவன் அறைச் சுவரில் ஒரு படம். பிரம்பு நாற்காலியில் ஒருவர், ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் ஈட்டி. ஹியூ நியூட்டனாம், பிளாக் பாந்தர் என்ற கறுப்பின உரிமைக் கட்சியைத் தொடங்கியவராம். அதற்கு மேல் கேட்டால் "உனக்குப் புரியாதும்மா" என்கிறான். ராத்திரி ஒரு மணி வரைக்கும் அவர்களைப் பற்றித்தான் படிக்கிறான்.

கோடை விடுமுறையில் ஒன்று நடந்தது. இவனும் இவனுடைய கறுப்பின நண்பனும் கடையிலிருந்து நடந்து வரும்போது போலீஸ் நிறுத்தியது. நண்பனைக் கைவிலங்கு போட்டு நடைபாதை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, இவனை "நீ போகலாம்" என்றார்களாம். இவன் வந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பையனையும் விட்டுவிட்டார்கள். என் கணவர், "நல்லவேளை, நீ வாயைத் திறக்கலை" என்றார். அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சில்லை. நண்பனும் வீட்டுக்கு வருவதில்லை.

படத்தைக் கழற்றிவிடலாமா?

- ஒரு அம்மா, கலிஃபோர்னியா

அன்புள்ள சகோதரிக்கு,

படத்தில் கை வைக்காதீர்கள்.

உங்கள் மகன் படிப்பது உங்கள் பக்கத்து ஊர்க் கதை. மெரிட் கல்லூரியில் படித்த நியூட்டனும் பாபி சீலும் 1966 அக்டோபரில் ஓக்லாண்டில் அந்தக் கட்சியைத் தொடங்கினார்கள். கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் கொல்லப்பட்டு அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சிவில் உரிமைச் சட்டங்கள் வந்திருந்தன. தெருவில் போலீஸ் மட்டும் மாறவில்லை. அதனால் அவர்கள் போலீஸ் வண்டிகளின் பின்னாலேயே போனார்கள். யாரையாவது நிறுத்தினால், இறங்கிச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பார்கள். கையில் துப்பாக்கி இருக்கும். வெளியே தெரியும்படி எடுத்துப் போவதை அப்போதைய மாநிலச் சட்டம் தடுக்கவில்லை. கூடவே சட்டப் புத்தகமும் இருக்கும்.

இதை உங்கள் மகன் எப்படிப் படித்திருப்பான் என்று யோசியுங்கள். போலீஸ் ஒருவனை நிறுத்துகிறது, மற்றவர்கள் போகாமல் நிற்கிறார்கள். உங்கள் மகனோ போய்விட்டான்.

அவனைத் தின்பது கோபத்தைவிட வெட்கம்தான் என்று நினைக்கிறேன். அப்பா சொன்ன "நல்லவேளை" சரியாக அந்தப் புண்ணில் பட்டிருக்கிறது. "உன்மேல் தப்பில்லை" என்று இப்போது நீங்கள் சொன்னால் காதில் ஏறாது. கணவர் போய், "எனக்குப் பயமாக இருந்தது, அதனால்தான் அப்படிச் சொன்னேன்" என்றால் ஏறலாம். அவர் உடனே ஒத்துக்கொள்ள மாட்டார். அப்பாக்களுக்கு இது கஷ்டமான வாக்கியம்.

உங்கள் பயத்தையும் மறைக்க வேண்டாம். பாபி ஹட்டனைப் பற்றி அவனிடமே கேளுங்கள். 16 வயதில் அந்தக் கட்சியில் சேர்ந்த முதல் ஆள். 1968 ஏப்ரல் 6, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு இரண்டே நாள். ஓக்லாண்டில் போலீசோடு நடந்த மோதலில் சுட்டுக் கொல்லப்பட்டான். வயது 17. "அந்தப் பையனுடைய அம்மாவை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். உபதேசம் வேண்டாம். கட்சிக்குள்ளேயே நடந்த அடிதடி, கொலை, 1969இல் ஓக்லாண்டு தேவாலயம் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு போட ஆரம்பித்தது, அதே வருடம் சிகாகோவில் போலீஸ் சோதனையில் கட்சியின் அந்தப் பகுதித் தலைவர், 21 வயது ஃபிரெட் ஹாம்ப்டன் கொல்லப்பட்டது, எல்லாவற்றையும் அவன் சொல்லட்டும். நீங்கள் கேளுங்கள். "உனக்குப் புரியாது" என்பது அப்போதுதான் தளரும்.

ஆயுதம் வாங்குவது பற்றியோ, வாழ்வதில் அர்த்தமில்லை என்றோ பேசினால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஒரு மனநல நிபுணரிடம் நேரில் அழைத்துப் போங்கள்.

அப்புறம், அந்த நண்பன். அவனைச் சாப்பிடக் கூப்பிட்டுச் சமாதானம் செய்து வைக்கப் பார்க்காதீர்கள். "நான் போயிருக்கக் கூடாது" என்று உங்கள் மகன்தான் அவனிடம் சொல்ல வேண்டும். அதற்கு நாளாகலாம். அவன் கிளம்பும் அன்று வண்டியில் கொண்டுபோய் விடுங்கள். நீங்கள் உள்ளே போக வேண்டாம், வண்டியிலேயே இருங்கள்.