சும்மா கிடந்த சங்கு

கேள்வி: பழைய போர்ச் செய்திப்படங்களில் வருவதெல்லாம் நிஜமா, சும்மா படம் காட்டுகிறார்களா? (வாசகர், வீரவநல்லூர்)

பதில்: ‘சும்மா’ என்றதும், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிதான் ஞாபகத்துக்கு வருகிறார். போர்முனையில் எடுத்த சுருள்களில் பெரும்பாலானவை ஊமை. இரண்டாம் உலகப் போரில் பலர் தூக்கித் திரிந்த ஐமோ கேமராவை, சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல முறுக்கி ஓட்ட வேண்டும். 100 அடிச் சுருள், வினாடிக்கு 24 பிரேம் வீதம் 67 வினாடியில் தீர்ந்துபோகும். ஒரு முறுக்கு அதுவரைகூடத் தாங்காது. அதில் ஒலி பதிய வழியே கிடையாது. திரையில் கேட்கிற ‘டமார்’ பிற்பாடு ஒலிக்கூடத்தில் சேர்த்தது.

இதை எழுதும்போதெல்லாம் ‘சத்தம் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள்?’ என்று சண்டைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளிக் குண்டு விழுந்தால், புகை கிளம்பி மூன்று வினாடி கழித்தே சத்தம் வரும். கோயில் கொடையில் தூரத்து வாணம் பூத்த பிறகுதானே நமக்கு வெடி கேட்கிறது? இரண்டும் சேர்ந்தே வந்தால் அது ஆண்டி ஊதிய சங்கு.

எடிட்டிங் மேஜையில் இன்னொரு வேலை நடக்கும். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை போகிற பஸ்ஸை, சுலோசன முதலியார் பாலத்தின் ஒரு பக்கம் நின்று எடுத்தால் இடமிருந்து வலம் போகும். மறுபக்கம் நின்று எடுத்தால் அதே பஸ் திரும்பி வருவதுபோல இருக்கும். முன்னேறுகிற படை ஓடிவருவதாகத் தெரிந்துவிடக் கூடாதே! பிலிமைப் புரட்டிப் போட்டு ஒட்டிவிடுவார்கள். காட்டிக்கொடுப்பது துப்பாக்கிதான். பிரிட்டிஷ் லீ-என்பீல்டு துப்பாக்கியில், தோட்டா ஏற்ற இழுத்துத் தள்ளுகிற போல்ட் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும்; திரையில் இடப்பக்கம் தெரிந்தால் படம் புரண்டிருக்கிறது.

நடிப்பும் உண்டு. முதல் உலகப் போரில் பிரான்சில் நடந்த சோம் சண்டையைப் பற்றி 1916-இல் லண்டனில் வெளியான படத்தில், வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பாயும் காட்சி போர்முனைக்குப் பின்னால் ஒத்திகையாக எடுத்தது. குழியின் ஆழத்தைப் பாருங்கள், போதாது. அதே படத்தில், ஜூலை 1 காலை 7.20-க்கு ஹாத்தார்ன் மேட்டின் அடியில் வைத்த வெடி கிளம்புவது அசல். ஜெப்ரி மாலின்ஸ் எட்ட நின்று, கையால் கேமராவைச் சுற்றிப் பிடித்தது. மண் எழும்பி விழுகிற அந்தச் சில வினாடிகளுக்கு யாராவது வெடிச்சத்தம் சேர்த்திருந்தால், தயவுசெய்து அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.