ஐரோப்பிய ஒன்றியத்தில் புது நாடுகளைச் சேர்க்க ஒரு பகுதியில் ஆதரவு, இன்னொரு பகுதியில் எதிர்ப்பு, ஏன்? எதிர்ப்பவர்கள் குறுகிய மனதுக்காரர்களா?

கேட்டவர் தேர்வுக்குப் படிக்கிறவர் போலிருக்கிறது. கேள்வியின் இரண்டாம் பாதி மனதைச் சுட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சேலத்தில் ஏற்காடு அடிவாரம். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கப் போவதாகப் பேச்சு வந்தது. ரோட்டோரம் மனை வைத்திருந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம்: நிலம் விலை ஏறும், சாக்கடை வசதி வரும். மலையை ஒட்டிக் காட்டு வேலை, ஆடு மாடு என்று இருப்பவர்கள் முடியவே முடியாது என்றார்கள். என் அம்மா அந்தப் பக்கம். அப்போது நூறு நாள் வேலை ஊராட்சியில் இருந்தால்தான் உண்டு, நகரத்தோடு சேர்ந்தால் அது போய்விடும், வீட்டு வரி மட்டும் கூடும். கிராம சபையில் எழுந்து, "வரியையும் ஏத்திட்டு வேலையையும் புடுங்கிட்டா நாங்க எதை வெச்சுங்க கட்றது?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல், இவர்களுக்கு வளர்ச்சியே பிடிக்காது என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

ஒரு ஊராட்சியையும் ஐரோப்பாவையும் ஒப்பிடலாமா என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். அளவு வேறு, சட்டம் வேறு, தெரியும். ஆனால் லாபம் ஒரு இடத்திலும் சுமை இன்னொரு இடத்திலும் விழுவது அங்கேயும் நடக்கிறது.

2004ல் 10 நாடுகள் ஒரேயடியாகச் சேர்ந்தன. கிழக்கிலிருந்து ஆட்கள் வேலைக்கு வந்து கூலி குறையும் என்ற பயத்தில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011 வரை கட்டுப்பாடு வைத்தன. பிரிட்டன் உடனே திறந்துவிட்டது. அப்படி வந்தவர்கள் நிறையப் பேர் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதிக் காய்கறித் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கே பாஸ்டன் என்ற ஊரில் 2016ல் 75 சதவீதத்துக்கு மேல் ஒன்றியத்தை விட்டு விலகவே ஓட்டுப் போட்டார்கள். அதே வாக்கெடுப்பில் லண்டன் ஒன்றியத்தோடு இருக்கத்தான் சொன்னது. அப்புறம் போலந்து. ஒன்றியத்தில் சேர விரும்பும் உக்ரைனுக்கு அவ்வளவு உதவிய நாடு, உக்ரைன் தானியம் வந்து விலை விழுந்ததும் விவசாயிகள் கொதிக்க, 2023ல் இறக்குமதியை நிறுத்தியது. அதே போலச் சேர விரும்பும் மால்டோவாவிலும் இதே கதைதான்: 2024 வாக்கெடுப்பில் மொத்தமாக 50 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டி ஆதரவு, ககௌசியா பகுதியில் மட்டும் 90 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு. அங்கே ரஷ்யச் சார்பும் பெரிய காரணம், எல்லாமே காசு என்று நான் சொல்லவில்லை. அதனால் நாட்டுச் சராசரியை வைத்துப் பேசாதீர்கள், மாவட்டம் மாவட்டமாகப் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்ப்பார்களா மாட்டார்களா என்று இழுத்துக்கொண்டிருந்த காலம் முழுக்க எங்கள் தெருவிளக்கை யாரும் மாற்றவில்லை. இரண்டு அலுவலகத்திலும் மனு கொடுத்தோம், அது எங்கள் எல்லை இல்லை என்று இரண்டு பேருமே கைகாட்டினார்கள். வட மாசிடோனியா 2005லிருந்து வேட்பாளர் நாடு, அதாவது ஒன்றியத்தில் சேர வரிசையில் நிற்கும் நாடு, இதற்காக 2019ல் நாட்டின் பெயரையே மாற்றியது, இன்னும் வாசலில்தான் நிற்கிறது. அந்த மக்களின் எரிச்சல் எனக்கு நன்றாகவே புரிகிறது.