புது ஆர்டிஎக்ஸா, பழகிய ஹிமாலயனா? – பைக் கேள்வி பதில்

மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரி மரப்பாலம் வரை வேலைக்குப் போய் வருகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மனைவியோடு ஏற்காடு, கல்வராயன் மலை என்று கிளம்புவோம். டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 பிடித்திருக்கிறது. நண்பர்களோ ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர் எக்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் மீதும் ஒரு கண். எதை எடுக்கலாம்?
– வாசகர், கடலூர்

தமிழில் எழுதினால் வெடிமருந்தின் பெயர்போல இருக்கிறதே தவிர, ஆர்டிஎக்ஸ் சாதுவான வண்டி. 2025 அக்டோபரில் வந்தது. 299 சிசி, 36 பிஎஸ் (குதிரைத்திறன்), 28.5 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை), 180 கிலோ எடை, 12.5 லிட்டர் டாங்க். ஹிமாலயன் 452 சிசி, 40 பிஎஸ், 40 நியூட்டன் மீட்டர், 196 கிலோ, 17 லிட்டர். கேடிஎம் 399 சிசி, 46 பிஎஸ், 39 நியூட்டன் மீட்டர், 182 கிலோ. வி-ஸ்ட்ராம் 249 சிசி, 26.5 பிஎஸ், 22.2 நியூட்டன் மீட்டர், 167 கிலோ.

ஹிமாலயனைவிட ஆர்டிஎக்ஸ் 4 பிஎஸ்தானே குறைவு என்று தோன்றும். ஆளை ஏற்றிக் கணக்குப் போடுங்கள். இருவருமாக 140 கிலோ, பை 20 கிலோ என்றால் ஆர்டிஎக்ஸின் மொத்த எடை 340 கிலோ, ஹிமாலயன் 356. டன்னுக்கு எத்தனை பிஎஸ் என்று வகுத்தால் 106, 112. ஏறக்குறைய சமம். டார்க்கை அதேபோல வகுத்தால் 84க்கு 112. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதுவும் ஹிமாலயனில் என்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்றைத் தொட்டாலே முழு டார்க் கைக்கு வந்துவிடும். ஆர்டிஎக்ஸை 7,000 வரை முறுக்க வேண்டும். கியர் விகிதத்தை வைத்து இதைக் கொஞ்சம் சரிக்கட்டலாம். ஆனால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலும் கியரை இறக்கிக்கொண்டே போக வேண்டும், என்ஜினும் கத்திக்கொண்டே வரும். ஹிமாலயன் அதையே அலட்டிக்கொள்ளாமல் ஏறும்.

இதற்காக உடனே ஹிமாலயனுக்கு ஓடிவிடாதீர்கள். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊர்ந்து போகும் சாலை. முருங்கப்பாக்கம் தாண்டி நெரிசலில் 196 கிலோவை ஒற்றைக் காலில் தாங்கி நிற்பது முதல் வாரத்தில் தெரியாது, ஆறாவது மாதத்தில் முழங்கால் சொல்லும். தினசரிக்கு ஆர்டிஎக்ஸோ வி-ஸ்ட்ராமோதான் தோது. கேடிஎம் தனியாளுக்கு அற்புதம். ஆனால் பின்னால் உட்காருபவர் 200 கிலோமீட்டர் தாண்டி சேலம் வந்ததும் என்ன சொல்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

350 சிசி என்ற எல்லைக்கோட்டையும் மறக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. புது வண்டிக்குக் கட்டாயமான 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடும், 2022இல் நிர்ணயித்த விகிதப்படி, 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய். அதற்கு மேல் 15,117 ரூபாய். ஆர்டிஎக்ஸும் வி-ஸ்ட்ராமும் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

டெஸ்ட் ரைடுக்கு மனைவியையும் அழைத்துப் போங்கள். அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலத்தில் இருவருமாக, மூன்றாவது கியரில் 25 கிலோமீட்டர் வேகத்திலிருந்து கிளட்ச் தொடாமல் ஏற்றிப் பாருங்கள். வண்டி உதறாமல் இழுத்தால் மலைக்கும் போதும். உதறினால் அந்த மேடு உங்களுக்கு இரண்டாவது கியர் மேடு. மலை முழுக்க அப்படித்தான் இருக்கும்.

புது என்ஜின் என்பதால் இன்னொன்று. ஷோரூமில் கேட்காமல் சர்வீஸ் சென்டரின் ஸ்பேர் கவுன்ட்டரில் போய்க் கேளுங்கள்: கிளட்ச் லீவர், பிரேக் பேட், ஏர் ஃபில்டர், கண்ணாடி, ரேடியேட்டர். எது கையிருப்பில் இருக்கிறது, எது வர எத்தனை நாள்? வி-ஸ்ட்ராமின் என்ஜின் ஜிக்ஸர் 250இலிருந்து வந்தது. அதனால் அதன் நோய்நொடி மெக்கானிக்குகளுக்குப் பழக்கம். வேகத்தில் அவசரம் இல்லாதவருக்கு அது பெரிய பலம்.

என் தீர்ப்பு: உங்களுக்கு ஆர்டிஎக்ஸ். மலைப்பயணம் மாதம் இருமுறை ஆகிவிட்டால் ஹிமாலயன்.

என் உயரம் 5 அடி 4 அங்குலம். 835 மில்லிமீட்டர் சீட் என்றால் கால் எட்டுமா? மெக்கானிக் 'பின் சஸ்பென்ஷனை இறக்கித் தருகிறேன்' என்கிறார்.
– வாசகி, நெய்வேலி

இறக்க வேண்டாம். பின் சஸ்பென்ஷனை மட்டும் இறக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஹேண்டில் மந்தமாகும். சைடு ஸ்டாண்டும் அதே நீளத்தில் இருப்பதால் வண்டி நிமிர்ந்து நின்று, லேசாக இடித்தாலும் மறுபக்கம் சாயும். வேகத்தடையில் அடிவயிறு உரசுவது தனிக் கதை.

சீட்டின் உயரம் மட்டும் கணக்கில்லை, அகலமும் உண்டு. முன்பக்கம் ஒடுங்கிய சீட்டில் கால் நேராக இறங்கும். வண்டியில் ஏறி உட்கார்ந்து, இடது பாதத்தின் முன்பகுதி முழுவதும் தரையில் படுகிறதா என்று பாருங்கள். ஒரு கால் உறுதியாகப் பட்டால் போதும், இடுப்பை அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம். ஹிமாலயனில் சீட்டை 825, 845 என இரு உயரத்தில் வைக்கலாம். இன்னும் தாழ்ந்த சீட்டும் துணைப்பொருளாகக் கிடைக்கும். ஆனால் அது 196 கிலோ. தாழ்ந்த, கனமான வண்டியைவிட ஒரு அங்குலம் உயர்ந்த லேசான வண்டியைச் சமாளிப்பது எளிது. 167 கிலோ வி-ஸ்ட்ராமில் உட்கார்ந்து பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

ஸ்போக் சக்கரம் எடுக்கலாமா, அலாய் எடுக்கலாமா?
– வாசகர், வில்லியனூர்

நம் ஊர்ச் சாலைக்கு ட்யூப்லெஸ் அலாய். ஆர்டிஎக்ஸ், வி-ஸ்ட்ராம், 390 எக்ஸ் மூன்றும் முன் 19, பின் 17 அங்குல அலாய். ஹிமாலயன் முன் 21 அங்குல ஸ்போக். 2024 முதல் ட்யூப்லெஸ் ஸ்போக்கும் விருப்பத் தேர்வாகக் கிடைக்கிறது. அந்தப் பணத்தை யோசிக்காமல் கொடுங்கள்.

ஆணி ஏறினால் ட்யூப்லெஸ்ஸில் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. ஆணியை இடுக்கியால் பிடுங்கி, துளையை ரம்பக் கம்பியால் ஆறேழு முறை சொரசொரப்பாக்கி, பசை தடவிய கயிற்றை நுழைத்து இரு முனையும் வெளியே நிற்கும்படி இழுத்து, மீதியை 3 மில்லிமீட்டர் விட்டு நறுக்க வேண்டும். பலர் தவறுவது துளையைச் சொரசொரப்பாக்காமல் விடுவதில்தான். கயிறு வழுக்கி வெளியே வந்துவிடும். டயரின் பக்கவாட்டில் குத்தினால் கயிறு வேண்டாம், டயர்தான் மாற்ற வேண்டும்.

ட்யூப் உள்ள ஸ்போக் என்றால் ஒரு 21 அங்குல ட்யூப், இரண்டு டயர் லீவர், ஆக்ஸில் (சக்கர அச்சு) ஸ்பானர், கைப்பம்பு பையில் இருக்கட்டும். அவசரத்துக்கு அந்த 21 அங்குல ட்யூபையே பின் சக்கரத்தில் திணித்து அடுத்த ஊர் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போகலாம். ஆக்ஸிலை வருடம் ஒருமுறை உருவி கிரீஸ் தடவாமல் விட்டால், உப்புக் காற்றில் அது சிக்கிக்கொண்டு நடுவழியில் சுத்தியலுக்கும் அசையாது.

வீடு தேவனாம்பட்டினத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். எந்த வண்டி எடுத்தாலும் இரண்டு வருடத்தில் துரு. எப்படித் தடுப்பது?
– வாசகர், கடலூர்

காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; வெயிலில் வண்டி காய்ந்தாலும் இரவில் மறுபடி ஈரமாகும். அதனால் மழையைவிடக் கடற்காற்றுதான் ஆபத்து.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். கடலோரத்தில் பல போர்வெல்களில் உப்புத் தண்ணீர்தான். அதில் கழுவி வெள்ளைத் திட்டுப் படிந்தால், கழுவாமல் இருப்பதே மேல். கடைசி அலசலை நல்ல தண்ணீரில் செய்யுங்கள். பிரஷர் பம்ப்பை ஹப், செயின், வயர் கனெக்டர் பக்கம் காட்டக் கூடாது. சீலைத் தாண்டி நீர் உள்ளே போய்விடும்.

செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயிலையோ செயின் லூப்பையோ உள்பக்கமாக விட்டு, கால் மணி நேரம் கழித்து மிகுந்ததைத் துடைத்துவிடுங்கள். பெட்ரோலில் கழுவினால் செயினுக்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உப்பிப் போகும். வழியும் எண்ணெயோ மணலை ஒட்டி வைத்துச் செயினை அரைக்கும்.

முன் ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். அதில் துருப்புள்ளி விழுந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆயில் சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும். சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை. பேட்டரி முனையில் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். ஸ்போக் சக்கரமானால் மாதம் ஒருமுறை ஸ்பானரால் தட்டிப் பாருங்கள்: 'டிங்' என்றால் இறுக்கம், 'டொக்' என்றால் தளர்வு. இரவில் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். காற்றோட்டமான துணிக் கவர் போடுங்கள், அல்லது திறந்தே விடுங்கள்.

கடலூர்க்காரன். புதுச்சேரியில் உறவினர் முகவரியில் பிஒய்-01 பதிவெண் எடுத்தால் வரி மிச்சமாமே?
– வாசகர், பண்ருட்டி

தமிழ்நாட்டில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு 12 சதவீத வரி என்பதால் இந்த ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவு மாற்ற வேண்டும் என்பது சட்டம். அதற்கு அங்கிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று, இங்கே படிவம் 27, பிறகு இங்கும் வரி. விபத்துக் காப்பீடு கேட்கும்போது முகவரி பொய் என்று தெரிந்தால் சிக்கல் வேறு. உண்மையாகவே அங்கே குடியிருந்தால் எடுங்கள்.

புயல் மழையில் தெருவெல்லாம் வெள்ளம். அட்வென்ச்சர் பைக் என்றால் எவ்வளவு தண்ணீரில் போகலாம்?
– வாசகர், ரெயின்போ நகர், புதுச்சேரி

2024 ஃபெஞ்சல் புயலில் உங்கள் நகர் பட்டது தெரிந்ததே. அட்வென்ச்சர் என்ற பெயர் படகு லைசென்ஸ் அல்ல. சக்கரத்தின் நடு அச்சுவரை, அதாவது சுமார் 30 சென்டிமீட்டர், அதற்குமேல் இறக்காதீர்கள். ஓடும் நீரில் அதுவும் வேண்டாம். முதல் கியரில் ஒரே சீராக, கியர் மாற்றாமல் கடக்க வேண்டும்.

நடுவில் நின்றுவிட்டால் ஸ்டார்ட்டர் பொத்தானைத் தொடவே கூடாது. தண்ணீர் சிலிண்டருக்குள் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும், செலவு பல்லாயிரம். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து ஏர் ஃபில்டரைத் திறங்கள். அது காய்ந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்தீர்கள். நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் துளையைத் துணியால் லேசாக மூடிக்கொண்டு என்ஜினைச் சுழற்றினால் நீர் வெளியே பீய்ச்சும். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் ஃபில்டரோடு மாற்றுங்கள், 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுங்கள்.

காப்பீட்டில் 'என்ஜின் பாதுகாப்பு' என்ற கூடுதல் பிரிவு இல்லையென்றால், வெள்ளத்தில் ஸ்டார்ட் செய்து கெட்ட என்ஜினுக்குப் பணம் வருவது கடினம். அடுத்த முறை பாலிசி புதுப்பிக்கும்போது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.