மாசு அளக்கும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

வணக்கம் ஐயா. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த உங்கள் மகள் சுற்றுச்சூழல் படிக்க ஆசைப்படுகிறாள். "மரம் நடுவதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் சொல்வது காற்று, நீர், சத்தம் ஆகியவற்றின் தூய்மைக்கேட்டை அளக்கும் வேலை. மலேசியாவின் பினாங்கில் நீங்கள் குடியிருக்கும் பிறை வட்டாரத்திலேயே அது தினமும் நடக்கிறது.

முதலில் சம்பளம் கொடுப்பது யார் என்று பார்ப்போம். 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2009-இல் ஆலைக் கழிவுநீருக்கும், 2014-இல் தூய காற்றுக்கும் விதிமுறைகள் வந்தன. கழிவுநீர் விடும் ஆலையும் புகைபோக்கி வைத்திருக்கும் ஆலையும் சோதித்துக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். முதலாளிக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, மாதிரி எடுக்க ஆள் வேண்டும். 2019-இல் ஜொகூரின் பாசீர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், பள்ளிகளை மூடினார்கள், நினைவிருக்கும். 2024-இல் சட்டத்தைத் திருத்தி, சில குற்றங்களுக்கு அபராத உச்சவரம்பை 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்திவிட்டார்கள். அதனால் ஆலைகள் இதை இனி விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் என் கவலை வேறு. இந்தப் படிப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் இயற்கை மீதுள்ள பிரியத்தால் வருகிறார்கள். பிரியம் நல்லதுதான், வேலைக்கு அது போதாது. ஜூரு ஆற்றில் ஒரு மாதிரி எடுப்பதையே பாருங்கள். கருவியைச் சரிபார்த்துவிட்டுத்தான் கரைந்த ஆக்சிஜனையும், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச்-ஐயும் அளக்க வேண்டும். உலோகம் பார்க்கும் புட்டியில் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். எண்ணெய் பார்க்க கண்ணாடிப் புட்டிதான், பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் ஐஸ் பெட்டியில் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை உண்கின்றன என்று பார்க்கும் பிஓடி சோதனைக்கு அங்கே 20 பாகை செல்சியஸில் 5 நாள் வைத்திருப்பார்கள். எடுத்த நேரம், எடுத்தவர் பெயர், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது எல்லாம் தாளில் இருக்க வேண்டும். ஒரு கையெழுத்து விடுபட்டால் போதும், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார்.

காற்றும் லேசுப்பட்டதல்ல. புகைபோக்கியின் மேல் ஏறி தூசி அளக்கும்போது, உள்ளே புகை போகும் வேகமும் கருவி உறிஞ்சும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெருந்தூசி, நுண்தூசி விகிதம் மாறி, எண் பொய் சொல்லும். வெயிலில், உயரத்தில், இரைச்சலுக்கு நடுவே செய்யும் வேலை இது. பெண்பிள்ளை என்பதால் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தனியாக அனுப்புகிறார்களா, பாதுகாப்புப் பயிற்சி தருகிறார்களா என்பதை நேர்முகத் தேர்விலேயே கேட்கச் சொல்லுங்கள்.

சரி, எங்கே படிப்பது? பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷனில் வேதியியலை விடக்கூடாது. அப்புறம் வீட்டுக்குப் பக்கத்தில் மிண்டனில் யுஎஸ்எம் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் தொழில்துறைத் தொழில்நுட்பப் பள்ளியில் சுற்றுச்சூழல் தொழில்நுட்பம் படிக்கலாம். யுபிஎம், யுகேஎம் பல்கலைக்கழகங்களிலும் இந்தத் துறை உண்டு. என்னைக் கேட்டால், பெயரில் "சுற்றுச்சூழல்" இருக்கிறதா என்று பார்ப்பதைவிடப் பாடத்திட்டத்தில் எத்தனை வேதியியல் பாடம் இருக்கிறது என்று பாருங்கள். ஆய்வக அறிக்கையில் கையெழுத்திட 1975 வேதியியலாளர் சட்டப்படி பதிவு வேண்டும். அந்தப் பட்டத்தை மலேசிய வேதியியல் கழகம் ஏற்கிறதா என்பதைச் சேரும் முன்பே விசாரியுங்கள். வேதியியல் அல்லது வேதிப் பொறியியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருவதும் நல்ல வழி, வேலை மாற நினைத்தால் கதவு அடைபடாது.

சட்டம் பட்டியலிட்ட ஆபத்தான கழிவு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முதலியவற்றுக்கு ஆலைகளில் தகுதிபெற்ற நபர் இருக்க வேண்டும். அந்தப் பயிற்சியைச் சுற்றுச்சூழல் துறையின் கழகமான எய்மாஸ் பாங்கியில் நடத்துகிறது. அது வேலையில் சேர்ந்த பிறகு எடுப்பது. "இப்போதே கட்டுங்கள், சான்றிதழ் தருகிறோம்" என்று யாராவது போன் செய்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தகுதி கையில் வந்த பிறகுதான் பேரம் பேச முடியும்.

மகளுக்கு இப்போதைக்கு ஒரு வேலை கொடுங்கள். செபராங் ஜெயா காற்றுக் கண்காணிப்பு நிலையத்தின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை இரண்டு வாரம் காலை, மாலை எழுதி வைக்கட்டும். 50 வரை நல்லது, 100 வரை மிதமானது, அதைத் தாண்டினால் உடலுக்குக் கெடுதல். மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கம், புகைமூட்டம் தெரிந்ததா என்பதையும் பக்கத்திலேயே குறிக்கட்டும். எண் ஏன் ஏறியது என்று அவளாகவே கேட்க ஆரம்பித்தால் இந்தத் துறை ஒத்துவரும். மூன்றாம் நாளே நோட்டை மறந்துவிட்டால் வேறு துறையைப் பற்றிப் பேசலாம்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் கேட்கும் யுபியு விண்ணப்பத்தில் விருப்பப் படிப்புகளின் வரிசையை நிரப்பும் முன் தேர்வு முடிவுத் தாளின் நகலை அனுப்பிவையுங்கள். முடிந்தால் அந்த நோட்டோடு மகளையும் அழைத்து வாருங்கள்.