லைசென்ஸ் புதுப்பித்தேன், ஓட்டுச்சீட்டு வந்துவிட்டது!

கேள்வி: அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம், பீவர்ட்டனில் வசிக்கிறேன். கிரீன் கார்டு உண்டு; அடுத்த ஆண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணம். டி.எம்.வி. என்னும் மோட்டார் வாகன அலுவலகத்தில் டிரைவிங் லைசென்ஸ் புதுப்பித்த பிறகு, என் பெயருக்குத் தபாலில் ஓட்டுச்சீட்டு வந்திருக்கிறது. நான் எங்கும் பதியவில்லை. ‘கிழித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள்’ என்கிறார் நண்பர். இருக்கலாமா?

பதில்: கிழிக்காதீர்கள், சும்மாவும் இருக்காதீர்கள்.

டி.எம்.வி.யில் அமெரிக்கக் குடியுரிமைச் சான்று காட்டுகிறவர்களின் விவரம் தானாகவே தேர்தல் துறைக்குப் போகும் முறையை 2016இல் முதலில் தொடங்கிய மாநிலம் ஓரிகன். வேண்டாம் என்று சொல்லாதவர் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும். வெளிநாட்டு பாஸ்போர்ட்டை அமெரிக்க பாஸ்போர்ட் என்று ஊழியர் பதிந்துவிட்டால்கூடப் போதும். 2024 செப்டம்பரில், குடிமக்கள் என்பதற்குச் சான்று தராத 306 பேர் தவறாகச் சேர்க்கப்பட்டதாக டி.எம்.வி.யே அறிவித்தது. தோண்டத் தோண்ட அது ஆயிரத்தைத் தாண்டியது.

அலுவலகத் தவறால் பெயர் ஏறியது உங்கள் குற்றம் ஆகாது. ஓட்டுப் போட்டால் கதையே வேறு. ஓட்டுச்சீட்டை வைத்துத் திருப்பி அனுப்பும் உறைமேல் போடும் கையெழுத்தே ‘எனக்கு ஓட்டுரிமை உண்டு’ என்ற உறுதிமொழி. குடிமகன் அல்லாதவர் அதிபர், காங்கிரஸ் தேர்தலில் வாக்களித்தால் ஓராண்டு வரை சிறை. குடிமகன் என்று தெரிந்தே பொய் சொல்லிப் பதிந்தால் ஐந்தாண்டு வரை. சிறையைவிட எனக்குப் பெரிய கவலை நாடு கடத்தல். பொய்யாகக் குடியுரிமை கோரினார் என்று முடிவானால், அதிலிருந்து மீள வழி அநேகமாக இல்லை. பிள்ளைகளோடு வேரூன்றிய குடும்பங்களை அது சிதைத்துவிடும்.

முதலில் நன்றாக யோசியுங்கள்: டி.எம்.வி.யிலோ, கடைவாசலில் யாரோ நீட்டிய படிவத்திலோ ‘குடிமகன்’ என்ற கட்டத்தில் டிக் செய்தீர்களா? செய்திருந்தால் யாருக்கும் எதுவும் எழுதும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். இல்லையென்றால் உடனே உங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தல் அலுவலகத்துக்கு, ‘நான் குடிமகன் அல்ல, என் பதிவை ரத்து செய்யுங்கள்’ என்று எழுதி, ரத்தானதற்குக் கடிதம் வாங்குங்கள். உங்கள் பெயரில் எந்த ஆவணம் பதியப்பட்டது என்பதற்கான நகலை டி.எம்.வி.யிடம் கேளுங்கள். ஓட்டுச்சீட்டைக் கையெழுத்திடாமல் உறையோடு பத்திரப்படுத்துங்கள்.

குடியுரிமைக்கான என்-400 படிவத்தில், எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா என்ற கேள்வி வரும். ‘ஆம்’ என்று எழுதி, நடந்ததை விளக்கி, இந்தக் கடிதங்களை இணையுங்கள். மறைத்தால், இல்லாத குற்றத்தை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். அப்புறம், வீட்டில் வேறு யாராவது லைசென்ஸ் எடுத்திருந்தால் அவர்கள் பெயரும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.