‘அடம் பிடித்தான்’ என்றால் என்ன பார்த்தீர்கள்?

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆட்டிசம் உள்ள மாணவர்கள் 4 பேர் படிக்கிறார்கள். அவர்களது வகுப்பறை நடத்தையை மதிப்பிட ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தோம். அதன் பிறகும் ஒரே மாணவனைப் பற்றி ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அவர்களது குறிப்பேட்டைப் புரட்டி, ‘அடம் பிடித்தான்’, ‘கோபமாக இருந்தான்’ போன்ற வரிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இதெல்லாம் கண்ணால் பார்த்தது இல்லை, பார்த்ததன்மேல் சொன்ன தீர்ப்பு. ‘கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னதும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போனான், 4 நிமிடம் கழித்து வந்தான்’ என்று எழுதினால் யார் படித்தாலும் ஒரே காட்சிதான் தெரியும்.

சரி, இதை எப்படிப் பழக்குவது? பேசிப் புரியவைத்தால் மட்டும் போதாது. செய்து காட்டி, செய்ய வைத்து, அங்கேயே திருத்த வேண்டும். பெற்றோர் அனுமதியோடு எடுத்த 5 நிமிட வகுப்பறை வீடியோவைப் போட்டு, ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்காமல் இரண்டிரண்டு பேராகப் பதியச் சொல்லுங்கள். இருவர் பதிவும் குறைந்தது 80 சதவீதம் ஒத்துப்போக வேண்டும் என்பது இத்துறை வழக்கம். வரவில்லையென்றால் பெரும்பாலும் கோளாறு ஆசிரியரிடம் இல்லை, வரையறையில். ‘இடத்தை விட்டு எழுவது’ என்றால் என்ன? நாற்காலியிலேயே முழங்காலிட்டு நின்றால் கணக்கில் சேருமா? இதற்கு அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தால் நடக்கட்டும், நல்லதுதான்.

அப்புறம், மூன்று கட்டம் போட்ட தாள்: அதற்கு முன் என்ன நடந்தது, மாணவன் என்ன செய்தான், அடுத்து என்ன நடந்தது. மூன்றாவது கட்டம்தான் அடிக்கடி காலியாகக் கிடக்கும். அதில் இருப்பது நாமல்லவா! மேசைக்கு அடியில் போனவனைக் கணக்கு போடச் சொல்வதை விட்டுவிட்டோம் என்றால், அதுதான் அங்கே எழுத வேண்டியது. இரண்டு வாரத் தாள்களைப் பரப்பி வைத்தால், மாணவன் அப்படிச் செய்வது வேலையிலிருந்து தப்பிக்கவா, கவனத்தை ஈர்க்கவா, ஒரு பொருளுக்காகவா, உடலுக்கு அந்த உணர்வு தேவைப்படுவதாலா என்பது புலப்படத் தொடங்கும். தப்பிக்க என்று தெரிந்தால், ‘கொஞ்சம் ஓய்வு வேண்டும்’ என்று அட்டையைக் காட்டிக் கேட்கக் கற்றுக்கொடுக்கலாம்.

கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது போன்றவை யாருக்கும் தொந்தரவு இல்லையென்றால் பதிய வேண்டிய நடத்தைகளின் பட்டியலிலேயே வேண்டாம். நடத்தை திடீரென்று மாறினால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் முதலில் காட்டச் சொல்லுங்கள். வலிக்கிறது என்று எல்லாக் குழந்தைகளாலும் சொல்ல முடியாது.

இருவர் பதிவை மாதம் ஒருமுறையாவது மறுபடி ஒப்பிடுங்கள். நன்றாகப் பழகியவர்களிடமும் வரையறை மெல்ல நழுவும்.